சார்டினியாவுக்கு 8 நாள்: கடலை விட்டு உள்ள போங்க, அங்கதான் ஊரே இருக்கு

கேள்வி இதுதான்: மே மாசம் 8 நாள், அறுபது தாண்டின அப்பா அம்மாவையும் கூட்டிட்டு குடும்பமா இத்தாலியோட சார்டினியா தீவுக்குப் போறீங்க, தேடிப் பாத்தா நீலத் தண்ணியும் பீச்சும்தான் வருது, பழங்காலத்து விஷயம் ஏதாச்சும் பாக்க இருக்கா, எங்க தங்கறது, எப்படி சுத்தறதுன்னு கேட்டிருக்கீங்க. நான் அதோட தலைநகர் கல்யாரியில ரெண்டு வருஷம் இருந்திருக்கேன், திரும்பி வந்தப்புறமும் மூணு தடவ போயிருக்கேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச ஊர், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

பழசு இருக்கான்னு கேட்டீங்க இல்லையா, அந்தத் தீவு முழுக்க பழசுதான். நுராகேன்னு ஒரு வகை கல் கோபுரம் இருக்கு, 7,000க்கு மேல கணக்கெடுத்திருக்காங்க, தீவோட பரப்பே கிட்டத்தட்ட 24,000 சதுர கிலோமீட்டர்தான், அப்ப வகுத்துப் பாத்துக்கோங்க, மூணு நாலு சதுர கிலோமீட்டருக்கு ஒண்ணு வருது. கார்ல போகும்போது ஜன்னல் வழியா பாத்துட்டே வந்தா மேட்டு மேல ஒண்ணு, ஆட்டுப்பட்டி பக்கத்துல ஒண்ணு, கோதுமை வயலுக்கு நடுவுல பாதி இடிஞ்சு ஒண்ணுன்னு வந்துட்டே இருக்கும். இதெல்லாம் 3,500 வருஷத்துக்கும் முன்னாடியே கட்ட ஆரம்பிச்சது, ரோம் நகரம்னு ஒண்ணு பொறக்கறதுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடி. இந்த மாதிரி கட்டடம் உலகத்துல வேற எங்கயும் இல்ல, பக்கத்து கோர்சிகாவுல டோர்ரேன்னு அதோட சின்ன சொந்தக்காரன் மாதிரி ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான்.

முதல்ல நிலத்தைக் கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க, அப்பதான் மத்ததெல்லாம் புரியும். மத்தியதரைக் கடல்ல சிசிலிக்கு அடுத்த பெரிய தீவு இது, இத்தாலிக்குள்ள தன்னாட்சி உள்ள ஒரு பிராந்தியம், தலைநகர் தெக்கு முனையில இருக்கற கல்யாரி. வடக்க ஒரு ஜலசந்தி, 12 கிலோமீட்டர் இருக்கும், அதைத் தாண்டினா பிரான்ஸோட கோர்சிகா. இந்த ரெண்டு தீவும் ஒரு காலத்துல இன்னைக்கு தெற்கு பிரான்ஸ் இருக்கற நிலத்தோட ஒட்டிக்கிட்டு இருந்தது, 2 கோடி வருஷம் வாக்கில பிச்சுக்கிட்டு கதவு திறக்கற மாதிரி மெல்லத் திரும்பி இப்ப இருக்கற இடத்துக்கு வந்து நின்னுடுச்சு. நிலம் ரொம்பப் பழசு, அடங்கிப் போன நிலம், இத்தாலியில மத்த இடத்துல எல்லாம் பூகம்பம் ஊரையே சாய்க்குது, இங்க அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. சாந்து இல்லாம சும்மா கல்லு மேல கல்லு அடுக்கின கோபுரம் இத்தனை ஆயிரம் வருஷம் நிக்கறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

நடுவுல ஜென்னார்ஜெந்து மலை, உச்சி 1,834 மீட்டர், குளிர்காலத்துல பனி விழும். மேற்கு தெக்குப் பக்கம் கம்பிதானோ சமவெளி, மேற்குக் கரை ஊரான ஓரிஸ்தானோவுல இருந்து கல்யாரி வரைக்கும் நீளமா. இங்கங்க ஜாரான்னு சொல்ற கருங்கல் மேடு, எரிமலைக் குழம்பு உறைஞ்சு மேல தட்டையா மேஜை மாதிரி இருக்கும், ஜாரா தி ஜெஸ்தூரி மேல குட்டையான காட்டுக் குதிரைங்க இன்னமும் மேயுது. கிழக்குல சுண்ணாம்புக்கல் மலை நேரா கடலுக்குள்ள செங்குத்தா இறங்குது. வடக்க கிரானைட்டும் கார்க் மரமும், மரத்துப் பட்டையை உரிச்சு எடுத்தப்புறம் அடிமரம் செக்கச்செவேல்னு நிக்கும், முதல் தடவ பாக்கறப்போ யாரோ பெயின்ட் அடிச்சிருக்காங்கன்னுதான் நெனப்பீங்க.

இப்ப முக்கியமான விஷயம். தீவுன்னா ஜனங்க கரையோரம்தானே இருப்பாங்க, மீன் பிடிப்பாங்கன்னு நெனப்போம். இங்க அப்படி இல்ல, பழைய ஊர்கள்ல பெரும்பாலானது உள்நாட்டுலதான் இருக்கு, மீனவர் ஊரை விட ஆட்டிடையர் ஊர்தான் அதிகம், இன்னைக்கும் மனுஷங்களை விட செம்மறி ஆடு ஜாஸ்தி. காரணம் ரெண்டு. ஒண்ணு மலேரியா. கடலோரம் பூரா உப்பங்கழி, சதுப்பு, அங்க இருந்தா காய்ச்சல்ல சாவுதான், இது நூறு இருநூறு வருஷக் கதை இல்ல, ரோமானியர்களே இந்தத் தீவோட காத்தைப் பாத்து பயந்திருக்காங்க. ரெண்டாவது உலகப் போருக்கு அப்புறம் 1946ல இருந்து 1950 வரைக்கும் டிடிடிங்கற கொசு மருந்து அடிச்சு ஒழிக்கற வரைக்கும் இதுதான் நிலைமை. ரெண்டாவது காரணம் கடல்ல இருந்து வர்றவங்க. ஃபினீசியர், கார்த்தேஜ், ரோம், வாண்டல், பைசாந்தியம், பைசா, ஜெனோவா, அரகோன், ஸ்பெயின், நடுவுல வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளைக்காரங்க, கடைசியா சவோய் ராஜாக்கள், வரிசையா வந்துட்டே இருந்திருக்காங்க. கடல் வழியா வர்றவன் திருடத்தான் வர்றான்னு அவங்க பாஷையில ஒரு பழமொழியே இருக்கு. நீங்க போட்டோவுல பாக்கற கோஸ்தா ஸ்மெரால்தா சொகுசு ரிசார்ட் எல்லாம் 1962க்கு அப்புறம் ஆகா கான்ங்கற இஸ்மாயிலி முஸ்லிம் மதத் தலைவரோட கூட்டம் நிலம் வாங்கி கட்டினது, அதுக்கு முன்னாடி அது ஆடு மாடு மேய்ஞ்ச பாறை நிலம். கரையோர நிலத்துக்கு அவ்வளவா மதிப்பு இருந்ததே இல்ல.

அதனாலதான் சொல்றேன், பீச்சை மட்டும் பாத்துட்டு திரும்பினா சார்டினியாவோட வாசப்படியில நின்னுட்டு வந்த மாதிரி, வீட்டுக்குள்ளயே போகல.

ஆனா ஒண்ணு, நுராகே கட்டின ஆளுங்க கடலுக்கு பயந்தவங்க இல்ல. அந்தக் காலத்துல கரையோரமும் கோபுரம் கட்டியிருக்காங்க, கப்பல் ஓட்டியிருக்காங்க. சைப்ரஸ் தீவோட செம்பு மாட்டுத்தோல் விரிச்ச மாதிரி வடிவத்துல வார்த்த பாளமா இங்க நிறைய கிடைச்சிருக்கு. இன்னும் முன்னாடி, கற்காலத்துலயே மோன்தே ஆர்ச்சி மலையோட அப்சிடியன், அந்தக் கறுப்புக் கண்ணாடிக் கல்லு, தெற்கு பிரான்ஸ் வரைக்கும் போயிருக்கு. கடலை விட்டு உள்ள ஒதுங்கினது பின்னாடி வந்த பழக்கம்.

நுராகே எப்படி கட்டினாங்கன்னு பாருங்க. அடியில டன் கணக்குல எடையுள்ள கரடுமுரடான கருங்கல், மேல போகப் போக சின்னதா, ஒழுங்கா செதுக்கின கல்லு. ஒவ்வொரு வளையமும் கீழ இருக்கறதை விட கொஞ்சம் உள்ள தள்ளி வெப்பாங்க, அப்படியே குறுகிக் குறுகி மேல ஒரே ஒரு கல்லுல மூடிடும், உள்ள நின்னு அண்ணாந்து பாத்தா முட்டைக்குள்ள நிக்கற மாதிரி இருக்கும். சாந்து கிடையாது, மரம் கிடையாது. ரெண்டு சுவருக்கு நடுவுல படிக்கட்டு சுத்திச் சுத்தி மேல போகும். வெளியில வெயில் கொளுத்தினாலும் உள்ள ஜில்லுனு இருக்கும். இது கோட்டையா, தலைவன் வீடா, தானியம் வெக்கற இடமா, காவல் கோபுரமா, கோயிலான்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் சண்டை ஓயல. எனக்குத் தோணறது, 7,000 கட்டடமும் ஒரே வேலைக்குன்னு நெனக்கறதே தப்பு, நானூறு ஐநூறு வருஷம் கட்டிட்டே இருந்திருக்காங்க, காலத்துக்கு ஏத்த மாதிரி வேலையும் மாறியிருக்கும். எழுத்து எதுவும் விட்டுட்டுப் போகல, அதனால கல்லுதான் பேசணும்.

கண்டிப்பா பாக்க வேண்டியது பாருமினி ஊர்ல இருக்கற சு நுராஷி, கல்யாரியில இருந்து 60 கிலோமீட்டர் இருக்கும், 1997ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. இதோட கதை ரொம்ப அழகு. அது ஒரு மண்மேடா, புல்லு மொளைச்சு குன்னு மாதிரி இருந்திருக்கு, அதே பாருமினியில 1914ல பொறந்த ஜொவான்னி லில்லியுங்கற ஆளு தொல்லியல் படிச்சுட்டு வந்து 1950கள்ல அதைத் தோண்டினார், உள்ள இருந்து நடுக்கோபுரம், அதைச் சுத்தி நாலு மூலைக்கு நாலு கோபுரம், அதுக்கு வெளியில இன்னொரு மதில், அதுக்கும் வெளியில நெருக்கமா வட்ட வட்டமா குடிசைங்க, ஒரு முழு கிராமமே வந்துச்சு. தன் சொந்த ஊர் மேட்டுக்குள்ள இருந்து தன் ஜனங்களோட வரலாறையே வெளிய எடுத்த மனுஷன், 2012ல கிட்டத்தட்ட நூறு வயசுல போனார். நடுக்கோபுரம் முதல்ல 18 மீட்டருக்கு மேல இருந்திருக்கு. உள்முற்றத்துல கிணறு இருக்கு, எட்டிப் பாருங்க.

அங்க கைடு இல்லாம உள்ள விட மாட்டாங்க, ஒரு குரூப் சேந்ததும் கூட்டிட்டு போவாங்க, ஒரு மணி நேரம் ஆகும். அப்பா அம்மாவுக்கு ஒரு எச்சரிக்கை: உள்ள வழி ரொம்ப குறுகல், குனிஞ்சு போகணும், படி உயரமும் ஒழுங்கா இருக்காது. முட்டி வலி இருந்தா அவங்க வெளியில குடிசைப் பக்கம் சுத்திட்டு, ஊருக்குள்ள இருக்கற காசா சப்பாத்தாவைப் பாக்கலாம். ஸ்பானியர் காலத்துல பிரபு ஒருத்தர் கட்டின வீடு அது, ரிப்பேர் பண்ணப் போனப்ப கீழ இன்னொரு நுராகே இருக்கறது தெரிஞ்சுது, இப்ப வீட்டுக்குள்ள நடைபாலம் போட்டு கால்மாட்டுல அந்தக் கோபுரத்தைப் பாக்கற மாதிரி வெச்சிருக்காங்க, பெரியவங்களுக்கு சிரமமே இருக்காது. அதே மாதிரி அப்பாசாந்தா பக்கத்துல நுராகே லோசா, மெயின் ரோட்டை ஒட்டியே இருக்கு, சமதரை, அவங்களுக்கு ஏத்தது அதுதான். நேரம் இருந்தா தொர்ரால்பாவுல சாந்து ஆந்தினேங்கற நுராகே, ஊர்க்காரங்க அதை ராஜாவோட வீடுன்னு சொல்லுவாங்க, கட்டட நேர்த்தியில அதுதான் உச்சம்னு நான் சொல்லுவேன்.

ஆனா ஒரே ஒரு இடம்தான் பாக்க முடியும்னு யாராவது சொன்னா நான் நுராகே எதையும் சொல்ல மாட்டேன், பவுலிலாத்தினோ பக்கத்துல இருக்கற சாந்தா கிறிஸ்தினா கிணத்தைத்தான் சொல்லுவேன். ஒலிவ தோப்பு, வயசான மரங்க, நடுவுல தரையில ஒரு முக்கோண வாய். அதுல இருந்து 25 படி கீழ இறங்குது. கல்லு ஒவ்வொண்ணும் கத்தியால வெட்டின மாதிரி, இடுக்குல ஒரு காகித அட்டை கூட நுழையாது. இறங்கும்போது தலைக்கு மேல பாத்தா கூரையும் தலைகீழா படிக்கட்டு மாதிரியே உங்களோட சேந்து இறங்கி வருது, கீழ வட்டமா ஒரு அறை, தண்ணி. சுமார் 3,000 வருஷத்துக்கு முன்னாடி கட்டினது, அந்தத் தண்ணி இன்னும் இருக்கு. மார்ச்லயும் செப்டம்பர்லயும் பகலும் ராத்திரியும் சமமா வர்ற நாள்ல சூரிய வெளிச்சம் படி வழியா நேரா தண்ணி வரைக்கும் எட்டும், அந்த நேரத்துல படியில ஆள் நின்னா நிழல் கீழ விழுது, தண்ணியில பட்ட பிம்பம் தலைகீழா எதிர்ச் சுவத்துல ஏறுது. கிணத்துக்கு மேல சின்னதா ஒரு ஓட்டை, சந்திரன் 18.6 வருஷத்துக்கு ஒரு தடவ உச்சத்துக்கு வரும்போது அது வழியா நிலா வெளிச்சம் தண்ணியில விழும்னு சொல்றாங்க, அது திட்டம் போட்டு வெச்சதா தற்செயலாங்கறதுல எல்லாரும் ஒத்துப் போகல. எனக்கு அது தேவையும் இல்ல. மழை குறைவான ஊர்ல தண்ணி வர்ற இடத்தை சாமியா கும்பிட்டிருக்காங்க, அதுக்குன்னு கையில இருந்த மொத்தத் திறமையையும் கொட்டியிருக்காங்க, அந்தப் படியில உக்காந்திருந்தா அது தானா புரியும். பக்கத்துலயே அதே பேர்ல ஒரு சின்ன சர்ச், அதைச் சுத்தி திருவிழாவுக்கு வர்றவங்க தங்கற குட்டிக் குட்டி வீடுங்க. மூவாயிரம் வருஷமா அந்த இடத்துல சாமி மாறியிருக்கு, கும்பிடறது நிக்கல.

அடுத்து ராட்சசங்க, அங்க கிடைச்ச பெரிய கல் சிலைங்களை அப்படித்தான் கூப்பிடறாங்க. ஓரிஸ்தானோவுக்கு மேற்கால சினிஸ்னு ஒரு தீபகற்பம், அங்க காப்ராஸ்ங்கற மீனவர் ஊர் எல்லையில மோன்தே பிராமான்னு ஒரு இடத்துல 1974ல உழுதுட்டு இருந்த விவசாயிங்களோட கலப்பையில கல்லுல செஞ்ச ஒரு உருவம் மாட்டுச்சு. அப்புறம் தோண்டத் தோண்ட 5,000 துண்டுக்கு மேல, கை, கால், தலை, வில்லு, கேடயம். ரெண்டு மீட்டருக்கு மேல உயரமான வீரனுங்க, வில்லாளிங்க, தலைக்கு மேல கேடயம் பிடிச்ச குத்துச்சண்டைக்காரனுங்க. வருஷக்கணக்கா அந்தத் துண்டெல்லாம் மியூசியம் கிடங்குல கிடந்துச்சு, 2007ல இருந்து 2011 வரைக்கும் சாஸ்ஸாரி பக்கத்துல லி புந்தி பட்டறையில வெச்சு ஒவ்வொண்ணா ஒட்டினாங்க. கிமு 9, 8ஆம் நூற்றாண்டு வாக்கில செஞ்சதுன்னு பல பேர் சொல்றாங்க, இன்னும் முன்னாடின்னும் சில பேர் வாதாடறாங்க, அதாவது கிரேக்கர்கள் ஆளுயரக் கல் சிலை வடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இங்க வடிச்சிருக்கலாம். கண்ணுதான் அதுல விசேஷம், ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு வட்டம், அவ்வளவுதான், ஆனா எதிர்ல நின்னா அது உங்களை விடாம பாக்கும். கண்டெடுத்த இடத்துல வரிசையா குழிக் கல்லறை, பெரும்பாலும் இளவயசு ஆம்பளைங்க, உக்காந்த நிலையில புதைச்சிருக்காங்க. 2022லயும் ரெண்டு குத்துச்சண்டைக்காரன் உடம்பு மண்ணுல இருந்து வந்துச்சு, தோண்டற வேலை முடியவே இல்ல. சிலைங்க கொஞ்சம் கல்யாரி தொல்லியல் மியூசியத்துலயும் கொஞ்சம் காப்ராஸ் மியூசியத்துலயும் இருக்கு, ரெண்டையும் பாருங்க.

கல்யாரி மியூசியம் போனா இன்னொண்ணு விட்டுடாதீங்க, வெண்கலச் சின்ன உருவங்க. மெழுகுல உருவம் பிடிச்சு மண் பூசி, மெழுகை உருக்கி வெளிய விட்டுட்டு உலோகம் ஊத்தற முறையில செஞ்சது, உள்ளங்கையில இருந்து முழங்கை நீளம் வரைக்கும்தான் இருக்கும். கோலூன்றி மேலங்கி போத்தின தலைவன், கொம்பு வெச்ச தலைக்கவசத்தோட வீரன், மடியில வளந்த மகனைக் கிடத்திக்கிட்டு உக்காந்திருக்கற ஒரு அம்மா. அந்த அம்மா முன்னாடி நான் ரொம்ப நேரம் நின்னிருக்கேன். எழுத்தே இல்லாத ஒரு ஜனம் தன் துக்கத்தை எப்படி சொல்லிட்டு போயிருக்குன்னு பாருங்க.

இந்தக் கொம்புக் கவசத்தை வெச்சு ஒரு பெரிய விவாதம் இருக்கு. எகிப்துல ராம்சேஸ் காலத்துச் சிற்பங்கள்ல ஷெர்தன்னு ஒரு கடல்கூட்டம் வருது, கொம்புக் கவசம், வட்டக் கேடயம், ராம்சேஸுக்கு மெய்க்காப்பாளரா கூட இருந்திருக்காங்க. பேரும் சார்டினியா மாதிரியே இருக்கு, அதனால ரெண்டும் ஒண்ணுன்னு ஒரு பக்கம், ஆதாரம் போதலன்னு இன்னொரு பக்கம். இது கேக்க வேண்டிய நல்ல கேள்வி. ஆனா கடல்ல மூழ்கினதா பழங்கதையில வர்ற அட்லாண்டிஸ் தீவு இதுதான்னு சொல்ற வீடியோக்களை தயவுசெஞ்சு நம்பாதீங்க, அதுக்கு ஆதாரமே இல்ல, நிஜமா அங்க இருந்ததே போதும், அதுக்கு கதை ஒட்ட வேண்டிய அவசியம் இல்ல.

நுராகேவுக்கும் முன்னாடி உள்ளது தோமுஸ் தே யானாஸ், தேவதைங்க வீடுன்னு அர்த்தம். பாறையைக் குடைஞ்சு வீடு மாதிரியே கதவு, தூண், கூரை எல்லாம் செதுக்கின கல்லறைங்க, சிலதுல காளை கொம்பு செதுக்கியிருக்கும், 2025ல இதுவும் யுனெஸ்கோ பட்டியல்ல வந்துடுச்சு. அப்புறம் ராட்சசக் கல்லறைன்னு சொல்றது நுராகே காலத்து பொதுப் புதைகுழி, முன்னாடி அரைவட்டமா கல்லு நட்டு, மேல இருந்து பாத்தா காளைத் தலை மாதிரி, வடக்க ஆர்ஸக்கேனா பக்கம் கொத்து வெக்யுன்னு ஒண்ணு இருக்கு, அதோட முகப்புக் கல்லு மட்டும் நாலு மீட்டர். சாஸ்ஸாரி பக்கம் மோன்தே தக்கொத்தின்னு சாய்வு மேடை வெச்ச படிக்கட்டு பலிபீடம் ஒண்ணு, கிமு நாலாயிரம் வாக்கில ஆரம்பிச்சது. உங்க 8 நாள்ல அது அடங்காது.

ஃபினீசியர், ரோமானியர் பக்கம் பாக்கணும்னா தாரோஸ் போதும், சினிஸ் முனையில ரெண்டு பக்கமும் கடல், நடுவுல இடிஞ்ச நகரம், சாயங்காலம் போங்க. கல்யாரிக்குப் பக்கத்துல நோரா, அங்க 1773ல கிடைச்ச ஒரு கல்லுல ஃபினீசிய எழுத்துல தீவோட பேர் வருதுன்னு படிக்கறாங்க, அது கல்யாரி மியூசியத்துல இருக்கு. கிமு 238ல ரோம் தீவைப் பிடிச்சது, ஆனா நடு மலைக்காரங்களை முழுசா அடக்கவே முடியல, காட்டுமிராண்டி நாடுன்னு அவங்க வெச்ச பேருதான் இன்னைக்கு பார்பாஜியா. ஆச்சரியம் என்னன்னா அந்த மலை ஊர் பாஷைதான் இன்னைக்கு இருக்கற லத்தீன் வழி பாஷைகள்லயே லத்தீனுக்கு ரொம்ப நெருக்கமானது, வீட்டுக்கு லத்தீன்ல தோமுஸ், இவங்க இன்னமும் தோமோன்னுதான் சொல்றாங்க. மேற்குக் கரையில அல்கேரோ ஊர்ல ஸ்பெயின் பக்கத்து காத்தலான் பாஷை பேசற பெரியவங்க இருக்காங்க.

நடுக்காலத்துல நாலு தனி ராஜ்ஜியம் இருந்துச்சு, அதுல ஆர்போரேயாவை ஆண்ட எலியோனோராங்கற பெண் 1392 வாக்கில வெளியிட்ட கார்தா தெ லோகு சட்டத் தொகுப்பு 1827 வரைக்கும் நடைமுறையில இருந்திருக்கு. ஓரிஸ்தானோ சதுக்கத்துல அவங்க சிலை இருக்கு. ராஜாளி வகையில ஒரு பறவைக்கு அவங்க பேரையே வெச்சிருக்காங்க, அதோட கூட்டைக் காக்க சட்டம் போட்டவங்கங்கறதால.

சரி, பிளானுக்கு வர்றேன். கல்யாரியில இறங்கி ரெண்டு ராத்திரி: மியூசியம், கோட்டைப் பகுதி, நோரா, மோலென்தார்ஜுஸ் உப்பளத்துல பூநாரைங்க, நகரத்துக்குள்ளயே கூட்டமா நிக்கும். மூணாவது நாள் பாருமினி பாத்துட்டு அப்படியே ஓரிஸ்தானோ இல்லன்னா காப்ராஸ், அங்க மூணு ராத்திரி: ராட்சசங்க, தாரோஸ், சாந்தா கிறிஸ்தினா, லோசா. பீச் ஆசைக்கு இஸ் அருத்தாஸ், மணலே அரிசி மாதிரி வெள்ளையும் இளஞ்சிவப்புமா குவார்ட்ஸ் மணி, ஆனா மே மாசம் தண்ணி ஜில்லுனுதான் இருக்கும். ஒரு பிடி மணல் கூட எடுத்துட்டு வராதீங்க, குழந்தைங்க பாக்கெட்டையும் பாத்துடுங்க, ஏர்போர்ட்ல செக் பண்றாங்க, 500 யூரோவுல இருந்து 3,000 யூரோ வரைக்கும் அபராதம். ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கு ஒரு பாட்டில்னு அள்ளிட்டு போனா அந்தக் கரை என்ன ஆகும், அந்தச் சட்டம் நியாயமானதுதான்.

அப்புறம் கிழக்க நுஓரோ இல்லன்னா தோர்காலி, மீதி ராத்திரி அங்க, கடைசியா ஓல்பியாவுல இருந்து ஃப்ளைட். நுஓரோ 1926ல இலக்கிய நோபல் வாங்கின கிராத்சியா தெலெத்தாவோட ஊர், அவங்க பொறந்த வீடு மியூசியமா இருக்கு. பக்கத்துல மமொயாதாவுல கறுப்பு மரமுகமூடியும் முதுகு நிறைய மாட்டு மணியும் கட்டி ஆடற மமுத்தோனெஸ், அதுக்கான மியூசியம், ஜனவரி 17 அன்னைக்கோ கார்னிவல் திருவிழா சமயத்துலயோ போனாதான் நேர்ல பாக்கலாம். ஒர்கோசோலோவுல ஊர்ச் சுவரெல்லாம் ஓவியம், நில உரிமை, போர், வேலையில்லாமைன்னு எல்லாம் பேசும். நடக்க முடிஞ்சவங்களுக்கு திஸ்காலி, மலை உச்சியில கூரை இடிஞ்ச குகைக்குள்ள ஒளிஞ்சிருக்கற ஒரு கிராமம், வழி கரடுமுரடு, அப்பா அம்மாவுக்கு வேண்டாம், அவங்களை அன்னைக்கு கலா கொனோனேவுல இருந்து போட்ல கலா லூனா கூட்டிட்டு போங்க.

எனக்கு மனசுல இருக்கற ஒரு வருத்தம், தென்மேற்கு சுரங்கப் பகுதி இந்த ரூட்ல வரல. மசுவாவுல போர்த்தோ ஃபிளாவியான்னு 1924ல பாறையைக் குடைஞ்சு நடுக் கடல் மேல திறக்கற மாதிரி கட்டின ஒரு துறைமுகம், தாதுவை நேரா கப்பல்ல கொட்டுவாங்க, கட்டின இன்ஜினியர் தன் பொண்ணு பேரையே வெச்சிருக்கார். ஒரு நாள் கூட்ட முடிஞ்சா அதுக்குக் கொடுங்க.

கார் இல்லாம இந்த பிளான் நடக்காது. கல்யாரி, ஓரிஸ்தானோ, சாஸ்ஸாரி வரைக்கும் ட்ரெயின் இருக்கு, ஆனா நுராகே வாசல்ல பஸ் நிக்காது, கிராமத்து பஸ் ஒரு நாளைக்கு ரெண்டு மூணுதான். இந்திய லைசென்ஸ்னா சர்வதேச பெர்மிட் கண்டிப்பா எடுத்துட்டு போங்க, ஆட்டோமேட்டிக் வண்டி கம்மி, சீக்கிரம் புக் பண்ணுங்க, ஓட்டறவர் பேர்லயே கிரெடிட் கார்டு கேப்பாங்க. டோல் ரோடு தீவுல கிடையாது. பழைய நகரத்துக்குள்ள கேமரா வெச்ச, வெளி வண்டிங்களுக்குத் தடை உள்ள பகுதி இருக்கும், வெளியிலயே பார்க் பண்ணிட்டு நடங்க. மேப் காட்டற நேரத்தை மலைப் பக்கம் நம்பாதீங்க, வளைவு வளைவா போகும், ஆட்டு மந்தை ரோட்டை மறிச்சா அது போற வரைக்கும் நிக்கணும். மத்தியானம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் கிராமத்துல கடை எல்லாம் பூட்டிடுவாங்க, திங்கக்கிழமை பல மியூசியம் லீவு.

சாப்பாடு: பானே கரசாவ்னு அப்பளம் மாதிரி மெல்லிசான ரொட்டி, இடையனுங்க மாசக்கணக்குல மலையில இருக்கறப்ப கெடாம இருக்க செஞ்சது. குலுர்ஜோனெஸ் நம்ம கொழுக்கட்டை மாதிரி, உள்ள உருளைக்கிழங்கு, ஆட்டுப்பால் சீஸ், புதினா, ஓரத்தைக் கோதுமைக் கதிர் மாதிரி பின்னியிருப்பாங்க. செயாதாஸ், சீஸ் வெச்சுப் பொரிச்சு மேல தேன் ஊத்தினது. அம்மா சுத்த சைவம்னா ஒண்ணு சொல்லணும், பெக்கோரினோங்கற செம்மறிப் பால் சீஸைப் பெரும்பாலும் ஆட்டுக்குட்டியோட வயித்துல இருந்து எடுக்கற ரென்னெட் போட்டுதான் உறைய வெக்கறாங்க, கேட்டு சாப்பிடுங்க. மீன் சாப்பிடறவங்க காப்ராஸ்ல போத்தார்கா கேளுங்க, மடவை மீன் முட்டைப் பையை உப்புல அமுக்கி காய வெச்சு பாஸ்தா மேல துருவிப் போடறது.

கடைசியா டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கோங்க. ஏப்ரல் 30க்குள்ள கல்யாரி போய் சேர முடிஞ்சா சேருங்க. 1652ல பிளேக் வந்தப்ப நேந்துக்கிட்ட வேண்டுதல், 1657ல இருந்து ஒவ்வொரு மே 1ஆம் தேதியும் சான்த் எஃபீசியோ சிலையை மாட்டு வண்டி, குதிரை, தீவு முழுக்க இருந்து வர்ற ஊர் ஊரான உடைங்க, லௌனெத்தாஸ்னு மூணு நாணல் குழல் சேத்து இடைவெளி விடாம ஊதற வாத்தியம் இதோடெல்லாம் கல்யாரியில இருந்து நோரா வரைக்கும் நடந்தே கொண்டு போவாங்க, 4ஆம் தேதி ராத்திரி திரும்பி வருவாங்க. வழியில பூ கொட்டுவாங்க, அப்பா அம்மாவுக்கு முன்வரிசை நாற்காலி டிக்கெட் கிடைக்கும், இப்பவே பாருங்க, ரூமும் அந்த ரெண்டு நாளுக்கு சீக்கிரம் நிறைஞ்சுடும்.